பெண்கள் பக்கத்து அடி

ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து ஒழுங்காக வராது. நடந்ததும் முன்பின்னாகத்தான் நினைவில் நிற்கிறது. பொறுத்து வாசியுங்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடற்றொழில் செய்தவர். ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பை அவர் வலக்கையிலிருந்து விழுந்தது. குனிந்தார், கை போகவில்லை. பாரிசவாதம் (மூளையில் இரத்தம் அடைபட்டு ஒரு பக்கம் விழுவது) என்றார்கள் ஆஸ்பத்திரியில். கூடவே பேச்சிழப்பு (விளங்கும், ஆனால் சொல் வராது).

வீட்டுக்கு வந்தபின் அவர் வாயில் வந்தது ஒன்றே. தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாடும் புலம்பலின் ஓர் அடி: “என் கை செய்ததை எண்ணாதேயும், ஆண்டவரே.” சோறு ஊட்டினாலும் அது, உடுப்பு மாற்றினாலும் அது. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

முன்பொருநாள், காய்ச்சலில் கிடந்த எங்கள் மகனை எழுப்பித் தொழிலுக்கு அனுப்பியவர் இவர். வள்ளம் திரும்பவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை.

பார்க்க வந்த மச்சாள், அவருடைய அக்கா, சொன்னார்: “உவன் சின்னனிலையே பிழை ஒத்துக்கொள்ளாதவன். இப்ப பாட்டிலை ஒத்துக்கொள்ளுறானோ?”

“சும்மா இருங்கோ மாமி,” என்றாள் மகள். பிறகு என்னிடம், “அம்மா, அப்பா உங்களிட்டைத்தான் கேக்கிறார்.”

டொக்டரிடம் கேட்டேன். “அம்மா, பாட்டு மூளையின்ரை மற்றப் பக்கத்தாலை வாறது. அதிலை கருத்துத் தேடாதேங்கோ.”

நிம்மதியாக இருந்தது. ஏமாற்றமாகவும் இருந்தது.

ஒரு பின்னேரம் முகம் துடைக்கும்போது அந்த அடியைப் பாடிவிட்டு என் வாயையே பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. அந்தப் புலம்பலை ஆண்கள் பக்கம் ஓர் அடி பாட, பெண்கள் பக்கம் பதில் பாடும். பதில் வராமல் ஆண்கள் அடுத்த அடிக்குப் போவதில்லை. மகன் போனபிறகு அந்தப் பதிலுக்கு மட்டும் நான் கோயிலில் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

முகம் துடைத்த துணியைக் கீழே வைத்தேன். பிறகு உடைந்த குரலில் பாடினேன்: “எண்ணினாலும் தள்ளாதேயும், ஆண்டவரே.”

அவர் கண்ணை மூடினார். அடுத்த அடியைப் பாடினார்.

இப்போது “தண்ணி” என்பதும் அந்த மெட்டிலேயே வருகிறது. கை திரும்பவில்லை. அதைத் தூக்கி என் மடியில் வைக்கும்போது எது அவர் கை, எது என் கை என்று சில நேரம் தெரிவதில்லை. அவர் ஓர் அடி, நான் ஓர் அடி. பகல் அப்படியே போகிறது. எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

நோயின் பெயர்களைப் படித்தவர்கள் சரிபார்த்துவிடுங்கள். பெண்கள் அடியையும் பாட்டுத் தெரிந்தவர்கள் பாருங்கள். பிழையிருந்தால் தாளில் திருத்துங்கள். அவரிடம் பாடியதை நான் மாற்றமாட்டேன்.