எல்லாரிடமும் கேட்கிற கேள்வி

எண்பதுகளின் நடுவில் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது, திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாதம் ஒருமுறை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவேன். அங்கிருந்த டாக்டரம்மா, வயிற்றுப் பிள்ளையோடு யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்பார். "வீட்ல யாரும் அடிக்கிறாங்களாம்மா? எல்லார்ட்டயும் கேக்குறதுதான்."

மாமியார் பக்கத்திலேயே நிற்பார். என்னத்தைச் சொல்வது? இல்லை என்பேன். ஒருமுறை அவர் மாத்திரை வரிசையில் இடம் பிடிக்கப் போன நேரத்தில், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. உலகத்தில் ஒருத்திக்காவது தெரிந்ததே என்று அவ்வளவு நிம்மதி.

டாக்டரம்மா நல்லவர். நல்லவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், அதுதான் வம்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மறுமுறை மகனைக் கூட்டிவரும்படி மாமியாரிடம் சொல்லிவிட்டார். பிள்ளை சமாசாரம் என்று நினைத்து, என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கதவுகூடச் சாத்தவில்லை. "இன்னொரு தரம் கை நீட்டுனா போலீசுக்குச் சொல்லிருவேன்" என்று டாக்டரம்மா கண்டித்தது வரிசை முழுக்கக் கேட்டது.

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே விழவில்லை. பேச்சும் அன்றோடு நின்றுபோனது. பிள்ளை பிறந்ததும் தொட்டிலைப் பார்த்து, "ஒங்காத்தாட்ட வெந்நி வைக்கச் சொல்லு" என்பார். மாமியாரும் அப்படித்தான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? புருஷனைப் போலீசில் மாட்டிவிடப் பார்த்தவள் என்று பாலவனத்தத்தில் என் பிறந்த வீட்டிலேயே முகம் கொடுக்கவில்லை.

அடியே தேவலை என்று சொல்கிறவள் இல்லை நான். என் பிள்ளை முழுசாகப் பிறந்தது அந்தக் கேள்வியால்தான். ஆனால் ஆள் நிறைந்த வீட்டில் வருஷக்கணக்கில் ஒரு வாய்ப் பேச்சில்லாமல் இருந்து பாருங்கள். ஆட்டுக்குட்டியிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

தொண்ணூறுகள் பிறந்த சமயம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"இப்ப அடிக்கிறாராம்மா?"

"இல்ல, டாக்டரம்மா."

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தீங்களா, கேட்டாத்தான் நிக்குது" என்றார் பக்கத்து நர்சிடம். இன்னும் ஏதாவது கேட்பார் என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வாசலைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.