காலி இருக்கைகளால் வகுத்தவள்

என் அக்காவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பூங்கா நீரூற்றை ஆட்டிவைக்கும் கணினி நிரலை எழுதியவள் அவள்தான். நீர் எவ்வளவு எழ வேண்டும் என்பதில் மேலாளர் மணிக்கொரு தரம் மனம் மாறுவார். ஒவ்வொரு தரமும் நிரலை நிறுத்தித் திருத்த இவளால் ஆகாது. எனவே திரையில் ஒரு பெட்டி வைத்தாள். அதில் எந்தக் கணக்கை எழுதினாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அரை நொடிக்கொருமுறை அதைப் புதிதாகப் போட்டுப் பார்த்து நீரை எழுப்பும்.

ஆனால் பார்க்கத்தான் ஆளில்லை. இந்த ஞாயிறும் கூட்டம் வராவிட்டால் நீரூற்றை மூடி, அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அக்கா பெட்டியில் எழுதினாள்: முப்பதைக் காலி இருக்கைகளின் எண்ணிக்கையால் வகு. வரும் விடை எத்தனையோ, அத்தனை அடி நீர் எழும். குளத்தைச் சுற்றி நாற்பது இருக்கைகள். ஆள் உட்கார்ந்தால் நிரலுக்குத் தெரிந்துவிடும். ஆள் சேரச் சேர நீர் உயரும். சோதித்துப் பார்க்க நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். நீர் ஒரு சாண் எழுந்தது.

"அடேங்கப்பா, என்னா கூட்டம்டி!" என்றாள்.

‘நீங்கள் உட்கார்ந்தால் நீர் எழும்’ என்று வாசலில் பலகை வைத்தோம். ஞாயிறு மாலை நாலு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு அவர்களே போகிறவர் வருகிறவரை எல்லாம் இழுக்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, சும்மா உக்காருங்கண்ணே, தண்ணி ஏறும்!" ஐந்து இருக்கை காலி, ஆறு அடி. இரண்டு காலி, பதினைந்து. ஒன்றே ஒன்று காலி, முப்பது! எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களைத் தவிர நின்றுகொண்டிருந்தது மேலாளர் மட்டும்தான்.

"உக்காருங்க சார்!" என்று கூட்டமே கத்தியது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ சார், உக்காராதீங்க!"

உட்கார்ந்துவிட்டார். காலி இருக்கை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்த நிரலுக்கு முடிவிலி விடையாக வந்தது. பம்பு தன்னிடம் இருந்த மொத்தத்தையும் வானத்துக்கு அனுப்பியது. அது அப்படியே நாற்பது தலைகளிலும் இறங்கியது.

"எல்லா சீட்டும் நெறையும்னு நான் நெனச்சே பாக்கலடி," என்றாள் அக்கா. அழுதாளா சிரித்தாளா, எனக்குத் தெரியவில்லை.

மேலாளர் துள்ளி எழுந்தார். நீர் முப்பது அடிக்கு இறங்கியது. கூட்டம் ஏமாற்றத்தில் "ஐயய்யோ!" என்று கூவியது. அக்கா கணக்கைத் திருத்தப் பெட்டியை நோக்கி ஓடினாள்.

"அதத் தொடாதம்மா," என்றார் மேலாளர். மூக்கு நுனியில் நீர் சொட்ட, மறுபடியும் உட்கார்ந்தார்.