குத்துவிளக்கின் வயிற்றில்

அவர் ஒஸ்லோவில் யூதப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். மொட்டைத் தலை, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நகரின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் மண்டபத்தில்தான் ஞாயிறுகளில் அவருடைய வகுப்பும் நடந்தது. யூதராக வாழ்வது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் படமாக எடுத்துவர வேண்டும். யூதர்களின் ஏழு கிளை விளக்கைப் படமெடுத்து வருபவரிடம், "இது கடையிலும் இருக்கிறது. நீ எங்கே?" என்று கேட்பார். விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் விரித்த மெத்தையை ஒருத்தி படமெடுத்து வந்தாள். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளித் தலைவருக்கும் ஆசை வந்தது. 'தமிழர் அடையாளம்' என்று ஒரு படப்போட்டி வைத்து, அவரையே நடுவராக அழைத்தார். மண்டபத்தில் இருந்த ஒரே குத்துவிளக்கைப் பிள்ளைகள் வரிசையில் நின்று எடுத்தார்கள்.

தலைவர் கழித்து வைத்திருந்த ஒரு படத்தை நடுவர் கையில் எடுத்தார். அதை எடுத்த சிறுமி மூலையில் முகம் சுண்டி நின்றாள். படத்தில், விளக்கின் வயிற்றில், கைபேசியோடு அவளே உப்பித் தெரிந்தாள்.

"இதற்குத்தான் முதல் பரிசு. இதில்தான் ஒரு தமிழர் இருக்கிறார்."

சிறுமி துள்ளினாள். தலைவர் என் காதுக்குள், "என்ன ஐசே, பெட்டை பூசணிக்காய் மாதிரித் தெரியிறாள். இதுவோ அடையாளம்? அடுத்தமுறை விளக்கை இவ்வளவு மினுக்காதையும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

விளக்குத் துலக்குவது என் பொறுப்பு. இன்றும் மினுக்கித்தான் வைக்கிறேன். துலக்கி முடிக்கும்போது உள்ளே பூசணிக்காய் மாதிரி ஒருவர் தெரிகிறார்.