ஒரே பெயரில் இரண்டு காளி: ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு

நான் சொல்கிறேன், என் மருமகள் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அரசு அலுவலகத்துக்கு என்று மலையிறங்குபவர்களுக்கு உதவுமே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

போன வாரம் என் மனைவி குப்புவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். காப்பீட்டு அட்டையின் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்த பெண், "சம்சாரம் பேரு லட்சுமின்னு வருதுங்க" என்றாள். லட்சுமி என் அண்ணி. குப்புவின் பெயர் அட்டையிலேயே இல்லை.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைக்குக் குலசாமி பெயர்தான். அண்ணன் பெரிய காளி, நான் சின்ன காளி. பதிவில் இரண்டு பேரும் காளி, தகப்பன் ஆண்டி. பழைய பதிவு போளூரில்தான் என்று ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் ஏறினேன். போளூர் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, இறக்கம் முழுக்க வளைவு. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். 

போளூர் தாலுகா அலுவலகத்தில் ஒரு மூலை அறையை எனக்கு நினைவிருக்கிறது. முன்பு வந்தபோது உள்ளே பதிவெல்லாம் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மிஷின் உறுமும், கதவிடுக்கில் குளிர்காற்று வரும். பேரில் தப்பென்றால் அங்கேயே உட்கார்ந்து திருத்துவார்கள். இப்போது அதற்குள் உடைந்த நாற்காலிகள்.

சன்னலில் இருந்த அம்மா நல்லவர். "ஊருக்கு ஊரு இருந்த மிஷினையெல்லாம் சென்னையில ஒரே எடமா சேத்துட்டாங்க பெரியவரே. பாத்துக்கிறதும் வெளியாளு, ஒரு கம்பெனி. நாங்க கை வெக்க முடியாது."

"எங்க அண்ணன் பெரிய காளி, நான் சின்ன காளின்னு இங்கதானேம்மா ஓரத்துல குறிச்சி வெச்சாங்க?"

"சேக்கும்போது அந்த ஓரத்தை வுட்டுட்டாங்க. ஒரே ஆளுன்னு நெனச்சி கம்பெனிக்காரன் ஒண்ணாக்கிட்டான்."

பின்னால் நின்றவர் சிரித்தார். "ஒரு காளிக்கு ரெண்டு பொண்டாட்டி ஆவாதுன்னு ஒண்ண எடுத்துட்டான். நாயமான மிஷின்தான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கக்கெழம ஆபரேசன்மா" என்றேன். அவர் கம்பெனிக்கு அவசரம் என்று புகார் போட்டார். யாரிடம் கேட்பது என்றேன். அவருக்கும் தெரியவில்லை. கைப்பேசிக்குச் செய்தி வரும் என்றார்.

திரும்பும் பேருந்தில் கைப்பேசி கையிலேயே இருந்தது. மலையேறியதும் சிக்னல் போய்விட்டது. ஒரே ஒரு வளைவில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். ஓட்டுநர் தம்பி அங்கே வண்டியை மெதுவாக்கினார். "வந்துச்சா பெரியவரே?"

"இல்லப்பா."

சனிக்கிழமை செய்தி வந்தது. மருமகள் படித்தாள். இரண்டு காளியையும் பிரித்துவிட்டார்களாம். பிரித்ததில் என் அட்டையில் லட்சுமி, அண்ணன் அட்டையில் குப்பு. அலுவலகம் இனி திங்கட்கிழமைதான் திறக்கும்.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் கேட்டுவிட்டு, "வுடுடா சின்னவனே. நான் கூட வர்றேன். அட்டைக்குக் கைரேகை நான் வெக்கிறேன், அவள பாத்துக்கிறது நீ பாத்துக்கோ" என்றார். அண்ணி உள்ளேயிருந்து அண்ணனிடம் கத்தினார்: "கூட்டிட்டுப் போயா. திரும்பி வரும்போது மட்டும் சரியா எங்கூட்டுக்கே வந்து சேரு!"

போகிறவர்களுக்கு இதுதான் சொல்வேன். உங்கள் வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், நோய் வருவதற்கு முன்பே அட்டையைத் தட்டிப் பாருங்கள். போளூருக்கு இரண்டு பேருமே போங்கள், சம்சாரங்களையும் கூட்டிக்கொண்டு. கையில் சோறு கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

நாளை அண்ணியும் கூட வர, நாங்கள் நாலு பேரும் கிளம்புகிறோம். குப்பு பையைக் கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவளுக்கு அந்தக் கவலை.

"அங்க புருசன் பேரு கேட்டா இன்னா பண்றது?"

"அட்டைல இருக்குதுன்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானே."

பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டே கேட்டாள். "கண்ணு முழிக்கும்போது யாரு நிப்பாங்க?"

"நான்தான்" என்றேன்.

நோயாளியின் அட்டைக்கு ரேகை வைக்கிற ஆள் ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. இதைத் தட்டச்சு செய்கிற மருமகளுக்கும் இப்போதுதான் தெரிகிறது.