வரிசைக்கு ஆகாத பொன்னுத்துரை

விதை வீசுவதற்கு முன் பொன்னுத்துரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு காற்றை மதிப்பிடுவார். நிலவேம்பு விதை பொடிப்பொடியாக இருக்கும். அதை மணலோடு கலந்து, வாயையும் இறுக மூடிக்கொண்டு கையை வீசுவார். அவர் பேச்சு நிற்கிற நேரம் அது ஒன்றுதான்.

எரியோடு ஊருக்கு மேற்கே அவருக்கு அரை ஏக்கர் தோட்டம். விளைகிற நிலவேம்பு திண்டுக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக்கடைக்குப் போகிறது. சீமை உரம் படாத செடிதான் வேண்டும் என்பது கடைக்காரர் கட்டளை. உரம் போடச் சொல்லி வந்த கிராமசேவக்கை, "மருந்துக்கே மருந்து கொடுக்கச் சொல்றீகளே!" என்று சிரித்து, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பக்கத்துத் தோட்டம் மைத்துனர் சுருளிவேலுடையது. அவர் நாற்றங்கால் போட்டு, கயிறு பிடித்து வரிசையாக நடுகிறவர். அந்த வரிசையைக் கண்டாலே பொன்னுத்துரைக்கு ஆகாது. "செடி என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, வரிசையில நிக்க? விழுந்த எடத்துல மொளைச்சாத்தேன் வேருக்கு வீரியம். புடுங்கி நட்டது சீக்காளி அப்பு, சீக்காளி!"

"வீசுனதுல பாதி எறும்புக்கு, மீதி காத்துக்கு" என்பார் சுருளிவேல், வரப்பில் நின்றபடி.

இந்த வருஷம் டீக்கடையில் வார்த்தை முற்றிவிட்டது. எவர் தோட்டத்தில் சொட்டை விழுகிறதோ, அவர் அடுத்த வருஷம் மற்றவர் முறைப்படி பயிர் வைக்க வேண்டும் என்று பேச்சு. மைத்துனர் பிடிக்கிற கயிற்றடியில் குனிந்து நடுவதைவிடக் காசிக்குப் போய்விடலாம் என்பது பொன்னுத்துரையின் கருத்து. ஆனால் எறும்புகள் சுருளிவேல் கட்சியில் சேர்ந்துவிட்டன. விதைத்த இடமெல்லாம் புழுவெட்டு விழுந்த தலைபோல் ஆனது.

ஐப்பசித் தூறலில் ஊரே வீட்டுக்குள் முடங்கிய ஒரு மத்தியானம், குடையோடு அந்தப் பக்கம் போனேன். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பொன்னுத்துரை சொட்டைகளில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்! பக்கத்தில் நாற்றுக் கூடையோடு அவர் மனைவி பழனியம்மாள். நாற்று, அவள் அண்ணன் சுருளிவேல் நட்டது போக மிச்சம் என்று ஒதுக்கியது.

"மாட்டுக்குன்னு சொல்லி வாங்கியாந்தேன். 'இம்புட்டுக் கசப்பை மாடு திங்குமா'ன்னு அண்ணன் கேட்டுச்சு. எங்க வீட்டு மாடு எதையும் திங்கும்னேன்" என்றாள், புருஷனைப் பார்த்தபடி.

அவர் அசரவில்லை. "இது நடவு இல்ல அப்பு. மொளைச்சதைக் கொஞ்சம் எடம் மாத்தி வைக்கிறேன், அம்புட்டுத்தேன்."

"சரிதான்" என்றேன். அந்த மனுஷனை யார் கயிற்றடியிலும் குனியவிட எனக்கும் மனசில்லை.

மறுபடி குனிந்து மூன்று நாற்று நட்டார். பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. பதறிப்போய், மைத்துனர் தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுவில் நின்றதைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளிக் கோணலாக நட்டார்.