தண்ணீர் நிற்காத மண்

எங்கள் வீட்டில் நிலவறையைப் பங்கர் என்றுதான் சொல்வோம். பங்கருக்குப் போய் உருளைக்கிழங்கு எடுத்து வா, பங்கரில் சைக்கிளை விட்டுவிட்டு வா, பங்கர் விளக்கை அணைத்தாயா. அம்மாவும் அப்பாவும் ஊரைவிட்டு வந்து சேர்ந்த ஹம் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் கீழே குடும்பத்துக்கு ஒன்றாக மரச்சட்டக் கூண்டுகள் இருக்கும். எங்கள் கூண்டில் பழைய சப்பாத்துகள், அரிசி மூட்டை, அப்பாவின் மீன் வெட்டும் பலகை. எனக்குத் தெரிந்த பங்கர் அவ்வளவுதான். எங்கள் பங்கரில் அப்பா மீன் வெட்டுவார் என்று ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அம்மாவுக்கு அந்தப் பங்கரைப் பிடிக்காது. சுவரெல்லாம் ஈரம். வெளியில் மழை வலுத்தால் அவள் சமையலை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்குவாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோலச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு குனிந்து தரையைத் தொடுவாள். மேலே வந்ததும் கறியைக் கிளறுவாள். சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தின் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். நகரத்தில் யாரும் அதற்குத் தலை திருப்புவதில்லை. அம்மா மட்டும் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடி அறை அறையாக வருவாள். என்னைக் கண்டதும், "சாப்பிட்டனியே?" என்பாள். சற்று முன்புதான் அவளே சோறு போட்டிருப்பாள்.

எனக்கு ஓர் அண்ணா இருந்தான். சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் அவனுடைய படம். பால்பற்கள் தெரியச் சிரிப்பான். ஊரில் ஒரு மாரிக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான் என்று சொல்லியிருந்தார்கள். நான் பிறந்தது அதற்குப் பிறகு, இந்த நாட்டில். ஒவ்வொரு பிறந்தநாளிலும் நான் அவனைவிட இன்னும் கொஞ்சம் மூத்தவளானேன். அண்ணா என்று கூப்பிட்டபடியே ஒரு சின்னப் பிள்ளையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயதாகும்போது வீட்டுச் சொந்தக்காரர் தன் மகனுக்கு அந்த வீடு வேண்டும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். எங்கள் பெயரைத் தொலைபேசியில் கேட்டதுமே வாடகை வீடுகளெல்லாம் கொடுபட்டுப் போயிருந்தன. அப்பா தொழிற்சாலையில் கூடுதல் வேலை செய்து, வங்கிக்கு நடந்து, கடைசியில் ஒரு வீட்டையே வாங்குவதற்குப் பார்த்துவிட்டார். நகரத்துக்குத் தென்கிழக்கே, வயல்கள் தொடங்கும் இடத்தில், பின்னால் நீளமான தோட்ட வளவோடு ஒரு செங்கல் வீடு. திங்கட்கிழமை, பத்திரம் பதிகிற நோட்டாரிடம் கையெழுத்து. அவர் குறித்துத் தந்த டெர்மின் நேரம் தவறினால் வேறொரு குடும்பம் காத்திருந்தது. எங்களுக்கு மிஞ்சுவது தூரத்து நகரத்தில் மாமா இருக்கும் கூரையடி அறை. என் பள்ளிக்கூடம் போய்விடும், சிநேகிதி போய்விடுவாள்.  

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அண்ணை வந்து மண்ணைப் பாக்கட்டும்," என்றாள்.

"நாங்கள் வீட்டையெல்லோ வாங்குறம்? மண்ணை என்ன பாக்கிறது?" என்றார் அப்பா.

"அண்ணை வந்து பாக்கட்டும்."

அம்மாவின் அண்ணன் அந்த மாமா. உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் அவர் காணி பார்க்கிறவர். மனையடி சாத்திரம் அறிந்தவர். அவர் வேண்டாம் என்ற காணியில் ஊரில் யாரும் அத்திவாரம் வெட்டியதில்லை என்பார்கள். சனிக்கிழமை காலை, கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிய மண்வெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். பயணச்சீட்டுப் பார்க்கிறவன் அந்தப் பையையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னார்.

வேறொரு ரயிலில் ஏறி அந்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாமாதான் பேசினார். சோதனை எப்படி என்று எனக்கு விளங்கப்படுத்தினார். குழி வெட்ட வேண்டும், நிரம்பத் தண்ணீர் ஊற்ற வேண்டும், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டு வர வேண்டும். தண்ணீர் அப்படியே நின்றால் உத்தமம். பாதி நின்றால் மத்திமம். வற்றிப்போனால் அந்தக் காணியின் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது.

"உன்ரை அம்மாவின்ரை சீதனக் காணி ஆர் பாத்தது? நான்தான். வயலோரம், தங்கமான மண். பின்னேரம் ஊத்தின தண்ணி விடிய விடிய ஒரு சொட்டுக் குறையேல்லை. கண்ணாடி மாதிரி நிண்டுது. என்ன தங்கச்சி?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலில் இருந்த புதுச் சப்பாத்தில் இல்லாத தூசியைக் குனிந்து தட்டிவிட்டாள். "ஓம் அண்ணை. நிண்டுது," என்றாள்.

வீட்டுக்காரி ரப்பர்க் காலணியோடு வாசலில் நின்றாள். இறந்துபோன தகப்பனின் வீட்டை விற்கிறவள், முடித்துக்கொண்டு போகிற அவசரத்தில் இருந்தாள். மண்வெட்டியைக் கண்டதும் என்னைப் பார்த்தாள். வீட்டில் இந்த நாட்டு மொழியான டொச்சைச் சரியாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான், அதனால் பெரியவர்களின் மானமெல்லாம் என் வாய்க்குள் இருந்தது. மாமா காய்கறித் தோட்டம் செய்ய விரும்புகிறார், மண்ணைப் பார்க்க வேண்டுமாம் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்து மண்ணுக்கெல்லாம் அரசாங்கம் புள்ளி போட்டு வைத்திருக்கிறது, எங்கள் மண்ணுக்கு நல்ல புள்ளி என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆர் போட்டது?" என்றார் மாமா.

"அரசாங்கமாம்."

"மண்ணுக்குப் புள்ளி போட்டிட்டாங்களோ? எனக்கு விசா முடிவு சொல்லத்தான் நேரமில்லைப் போல."

கத்தரி நடக் கொத்தி விட்டதுபோல் வெறுமையாகக் கிடந்த ஒரு மூலையில் அவர் வெட்டத் தொடங்கினார். முதல் வெட்டிலேயே மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. கறுப்பு மண். கருகிய கறுப்பல்ல, ஈரக் கோப்பித்தூளின் கறுப்பு. மாமா ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார். உருட்டப் பார்த்தார். அது உருளவில்லை, பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது.

"செம்பாடு இல்லை. கலட்டியும் இல்லை. இருவாட்டியெண்டும் சொல்லேலாது. களியெண்டால் ஒட்ட வேணும், மணலெண்டால் கொட்ட வேணும். இதென்ன கோதாரி, புட்டு மாதிரிக் கிடக்கு?"

"புட்டெண்டால் நல்லதுதானே மச்சான்," என்றார் அப்பா, சிரிக்கப் பார்த்து.

மாமா சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த எந்த வகைக்குள்ளும் அடங்காத மண் அவரைக் கோபப்படுத்தியது. சாத்திரம் கேட்பது ஒரு முழக் குழி. அவரோ விடாமல் வெட்டினார். கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பானது. மண்புழுக்கள் துளைத்த துவாரங்கள் பென்சில் செருகிய அச்சுகள்போல நேர் கீழே இறங்கின. பிறகு மஞ்சள் கலந்த அடிமண், மணலும் களியும் கூழாங்கல்லும் ஒன்றாய்க் குழம்பியது. சிவப்புக் கல், சாம்பல் கல், உடைத்த கண்ணாடிபோல் விளிம்புள்ள கல். "ஒண்டுக்கொண்டு சொந்தமில்லாத கல்லுகள்," என்று முணுமுணுத்து ஒவ்வொன்றாய் வெளியே எறிந்தார். குழி அவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

வளர்ந்த பிறகு நான் இந்த மண்ணைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். மலையளவு பனி வடக்கிலிருந்து அரைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, உருகும்போது கைவிட்டுப் போன களியும் கல்லும் அடியில் இருப்பது. அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பொடி. அதன்மேல் ஆயிரமாயிரம் தலைமுறைப் புல் முளைத்து, மடிந்து, வேரோடு உக்கிக் கறுத்தது. புல்வெளி மண். நீர் தேங்குகிற மண்ணாக இருந்தால் அடியில் சாம்பலும் துருவுமாகத் திட்டுத் திட்டாய்க் கறை படிந்திருக்குமாம். அந்தக் கறை இல்லாததை வைத்து, நன்றாக வடிகிற மண் என்று வகைப்படுத்துவார்கள். அன்று அந்தக் குழியின் சுவரில் ஒரு கறையும் இல்லை. யாருக்காவது வாசிக்கத் தெரிந்திருந்தால், விடை அப்போதே எழுதப்பட்டிருந்தது.

வீட்டுக்காரியின் தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டோம். குழி நிரம்ப நேரம் எடுத்தது. எங்கள் நாலு பேரின் முகமும் வானமும் அதில் ஆடின. "வாங்கோ, திரும்பிப் பாக்கப்படாது," என்று மாமா எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்காரி கோப்பி தந்தாள். அப்பா தன் கோப்பியைக் குடிக்கவில்லை, கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் தண்ணீரிடம் கெஞ்சினேன். நில்லு, நில்லு, திங்கட்கிழமை வரைக்கும் நில்லு.

அம்மா மட்டும் உள்ளே வரவில்லை. யன்னலால் பார்த்தேன். குழிக்கரையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள், அசையாமல்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது குழிக்குள் தண்ணீர் இல்லை. மாமா குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, ஏதோ களவு நடந்ததுபோல வளவு முழுக்கப் பார்த்தார்.

"திருப்பி விடு பிள்ளை."

திரும்பவும் குழாயைத் திறந்தேன். இந்தமுறை யாரும் போகவில்லை. குழியைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. ஒரு சாண் இறங்கியது. மண் மெல்லிதாய்ச் சத்தம் போட்டது, தாகத்தோடு குடிக்கிறவரின் தொண்டைபோல. கடைசியில் அடிக்கற்கள் பளபளத்தன, பிறகு மங்கின. வீட்டுக்காரி மட்டும் மகிழ்ச்சியாக இருந்தாள். பார்த்தீர்களா, எங்கள் நிலவறையில் ஒருநாளும் ஈரம் வந்ததில்லை என்றாள். நான் அதை மொழிபெயர்த்த குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமா மண்வெட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

"மச்சான், சாத்திரப்படி இது நட்டம் தாற மண். இந்தத் தண்ணி போன மாதிரித்தான் வாறதெல்லாம் போகும். நான் ஓமெண்டு சொல்லமாட்டன்."

அப்பா விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார். வங்கி, நோட்டார், இலையுதிர்காலத்துக்குள் வீடு காலி செய்ய வேண்டியது எல்லாம் அந்த விரல்களில் இருந்தன. 

அப்போதுதான் அம்மா கைப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழிக்குள் இறங்கினாள்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் அப்பா.

அவள் குந்தியிருந்து உள்ளங்கையை அடிமண்ணில் வைத்தாள். பிறகு சுவரில் வைத்தாள். எழுந்து இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். தூக்கிவிடச் சொல்கிறாள் என்று நினைத்து நான் குனிந்தேன். அவள் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, உள்ளே இறக்கித் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பத்து வயதுப் பிள்ளையை யாரும் அப்படித் தூக்குவதில்லை. குளிர்ந்த, மழைவாசம் அடிக்கும் குழிக்குள் அவளுடைய மூச்சு வேகமாக இருந்தது.

"நில்லு பாப்பம். கால் நனையுதே?"

"இல்லை."

"வடிவாப் பார்."

"இல்லையம்மா. நனையேல்லை."

அவள் குந்தி என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேலே வானத்துக்கு எதிரே கறுப்பாய்த் தெரிந்த மாமாவைக் கேட்டாள்.

"அண்ணை, மாரி மழைக்கும் இப்பிடித்தான் வடியுமோ?"

மாமாவின் கையில் இருந்த துணி நின்றுவிட்டது. அவர் எங்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காமல் நின்றார். 

"ஓம் பிள்ளை. நிக்காது."

"அப்ப வாங்குவம்."

குழியை மாமாவே தனியாக மூடினார். அப்பா உதவிக்குப் போனபோது மறித்துவிட்டார்.  அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் காணி பார்க்கப் போகவில்லை. தன் சாத்திரத்தைத் தங்கச்சி மதிக்கவில்லை என்று கோபம், அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டினேன். திங்கட்கிழமை கையெழுத்தானது. அந்த வீட்டு நிலவறையில் அம்மா கறிச்சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டதை நான் ஒருநாளும் காணவில்லை.

அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தது எங்கே என்று நான் கல்யாணம் கட்டிப் போகும்வரை யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு மழைநாளில், அந்த நிலவறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பா தானாகச் சொன்னார். மாமா பார்த்துக் கொடுத்த சீதன வளவில், குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கர். மேலே விமானம், வெளியே வர ஏலாது. மாரி வெள்ளம் உள்ளே ஏறிக்கொண்டே வந்து, வடியாமல் அப்படியே நின்றது. அம்மா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றாளாம். தோளில் வைத்தும் அவனுடைய கால்கள் தண்ணீருக்குள்தான் இருந்தனவாம்.

அன்று அந்தக் குழிக்குள் நின்றபோது எனக்கு இதொன்றும் தெரியாது. அம்மாவின் விரல்கள் என் கணுக்காலைச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தன. நான் கூச்சத்தில் நெளிந்தேன். வீட்டுக்காரி பார்க்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. அம்மா பயப்படுவது என் புதுச் சப்பாத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு, "பழுதாப்போகாதம்மா, வீட்டை போய்த் துடைக்கலாம்," என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.