மூன்று மாத லீவு

பார்சுவநாத் வாத்தியார் வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னவர் இல்லை. சொன்ன ஒரே பெரிய பொய்யும் திட்டம் போட்டுச் சொன்னதல்ல. வாய் தவறி வந்து விழுந்தது, பிறகு எடுக்கத்தான் முடியவில்லை.

1984, மே மாதக் கடைசி. மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் அண்ணன் பாகுபலி மாலையோடு நின்றார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருப்பவர். மண்டியை ஒருநாள் மூடிவிட்டு, டாக்சி பிடித்து, உறவுக்காரர் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏழு வருஷமாக நைஜீரியாவில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் தம்பி, மனைவி சாந்தாமணியோடும் பதினோரு வயது மகள் மருதேவியோடும் வருகிறார் என்றால் சும்மாவா?

மாலையைப் போட்டுவிட்டு அண்ணன் கேட்டார்: “எத்தினி மாசம்டா லீவு?”

நைஜீரியா நம்பியிருந்த பெட்ரோலிய எண்ணெய்க்கு விலை விழுந்து, அரசாங்கத்தின் கையில் பணமில்லை. வெளிநாட்டு வாத்தியார்கள் பலருக்கு ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்று ஒற்றைத் தாளில் கடிதம் வந்தது. பார்சுவநாத்துக்கு வந்த தாள் அப்போது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அண்ணன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தார்.

“மூணு மாசம்ணா” என்றார்.

சாந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாலு பேர் நடுவில் அவள் என்ன சொல்ல முடியும்? டாக்சி கிளம்பிவிட்டது.

அண்ணன் வீட்டிலேயே தங்கினார்கள். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நல்ல வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பார்சுவநாத் வெளிநாடு போயிருந்தார். அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர். கூட வேலை பார்த்த வேங்கடேசன் மட்டும் விழுப்புரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் பரீட்சையில் தவறியவர்களுக்கு மாலை ஐந்து முதல் ஏழு வரை வகுப்பு. “உனக்கு இது கொறைச்சல்தான் பார்சு” என்று கூச்சப்பட்டுக்கொண்டே வேங்கடேசன் சாக்பீஸை நீட்டினார். இவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

வேலை போனவன் வேலைக்குப் போவதாக நடிப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் தலைகீழ். தினமும் வேலைக்குப் போய்க்கொண்டே லீவில் இருப்பதாக நடித்தார். மூன்று மணிக்குச் சட்டை மாட்டுவார். “வேங்கடேசனப் பாத்துட்டு வர்றேன்” என்பார். பஸ் ஏறுவார். இரவு எட்டரைக்குத் திரும்புவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இவர்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள்; அந்த வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. ஏழு வருஷம் ஆப்பிரிக்காவிலும் அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருந்தவர் பார்சுவநாத். ஓட்டல் சாப்பாடும் தொடமாட்டார். வகுப்பு முடிவதற்குள் பொழுது போய்விடும். மத்தியானம் சாப்பிட்டதோடு சரி, மறுநாள் விடிந்துதான் அடுத்த வாய் சோறு. “சாப்ட்டியாடா?” என்று அண்ணன் கேட்டால், “வேங்கடேசன் ஊட்லியே பொழுதோட சாப்ட்டேண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. சாந்தாமணி இருட்டில் அவர் வயிற்றில் கைவைத்துப் பார்ப்பாள். “எத்தினி நாளைக்கு?” என்பாள்.

பட்டினிகூட அவர் தலையோடு போயிற்று. மருதேவியின் படிப்பு அப்படியா? ஜூன் பிறந்து தெருப் பிள்ளைகளெல்லாம் பையை மாட்டிக்கொண்டு போனார்கள். “அங்க ஸ்கூல் செப்டம்பர்லதான் தொறப்பாங்க” என்று இவர் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அதுவும் உண்மைதான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு இனி அந்தப் பள்ளிக்கூடம் கிடையாதே. இவர் யாருக்கும் தெரியாமல் போய் விசாரித்தபோது, உள்ளூர்ப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஜூலை முப்பத்தொன்றுக்கு மேல் சேர்க்க முடியாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். இங்கே சேர்த்தால் லீவு என்ற பொய் உடையும். சேர்க்காவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தே ஜூலையைத் தள்ளினார். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனாலும் அந்த ஒரு மாதத்தை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அண்ணி ஞானமதியோ அடுப்படியில் பெரிய ஏற்பாட்டில் இருந்தார். கறியும் மீனும் புழங்கும் தேசத்தில் இவர்கள் மூவரும் என்ன சாப்பிடுவார்கள் என்ற கவலை அவருக்கு. பருப்புப்பொடி, கருவேப்பிலைப்பொடி, கூழ்வடாம் எல்லாம் ஒரு வருஷத்துக்கு ஆகிற மாதிரி செய்துகொண்டிருந்தார். உரலில் இடித்து இடித்து அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் உலக்கையைப் பிடித்தார்.

ஜூலை முப்பதாம் தேதி, காலை பத்து மணி. பார்சுவநாத் மாடிக்குப் போனார். வெயிலில் வேட்டியை விரித்து அதில் வரிசை வரிசையாக வடாம் பிழிந்திருந்தது. பக்கத்தில் மருதேவி கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, காக்கா ஓட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் நைஜீரியாவில் படித்த பழைய பாடப் புத்தகம். அட்டை கழன்றுவிட்டது. பள்ளிக்கூடத்து மணி சத்தம் மாடிக்கு நன்றாகக் கேட்டது.

“அப்பா, இந்த வடாமெல்லாம் நமக்குத்தானே?”

“ஆமாம்மா.”

“நாமதான் போவமாட்டமே. பெரியம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடவா? அவங்களுக்குக் கை ரொம்ப வலிக்குதாம்.”

குழந்தை குறை சொல்லவில்லை, அனுமதிதான் கேட்டது. ஊரான் பிள்ளைகளுக்கு ஏழு வருஷம் பாடம் சொன்னவன் தன் பிள்ளையைக் காக்கா ஓட்ட உட்கார வைத்திருக்கிறேனே என்று பார்சுவநாத்துக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே வைத்தார்.

“எழுந்திரு. முகம் கழுவிக்கினு வா. ஸ்கூலுக்குப் போலாம்.”

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ‘டுடோரியல் ஆசிரியர், விழுப்புரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருதேவியை வகுப்பில் விட்டுவிட்டு நேரே மண்டிக்கு நடந்தார்.

பாகுபலி மூட்டையிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, லீவு இல்லண்ணா. வேல பூட்டுது. வர்றதுக்கு முன்னாடியே பூட்டுது. பாப்பாவ இங்கியே ஸ்கூல்ல சேத்துட்டேன்.”

பாகுபலி அசையவில்லை. “அப்ப தெனமும் எங்கடா போற?”

“வேங்கடேசன் டுடோரியல்ல பாடம் எடுக்கறேன். அஞ்சுலேர்ந்து ஏழு.”

“ஏழா?” அண்ணன் வெளியே வெயிலைப் பார்த்தார். மனசுக்குள் பொழுதைக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. “ஏழு மணிக்குப் பொழுது பூடுமேடா. அப்ப எப்ப சாப்புட்ட?”

பார்சுவநாத் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேங்கடேசன் ஊட்ல சாப்ட்டேன்னியே. தெனமும் சொன்னியே.”

“இல்லண்ணா.”

பாகுபலியின் கையிலிருந்து தொலி உதிர்ந்தது. “வேல போனா போவுது. அது எவனுக்கும் போவும். எங்க ஊட்ல, என் பக்கத்து ரூம்புல, ரெண்டு மாசமா பட்டினியாப் படுத்துக்கினு இருந்தியேடா. நான் வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்கினு இருந்தேனே.” துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றும் மூன்று மணிக்குப் பார்சுவநாத் சட்டை மாட்டினார். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் அண்ணி துணி சுற்றிய கையால் ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார்.

“அவரு குடுக்கச் சொன்னாரு. பொழுதோட சாப்ட்டுடுங்க.”

சைக்கிள் கடை மாடியில் ஐந்தே முக்காலுக்கு மாணவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி டப்பாவைத் திறந்தார். பருப்புப்பொடி போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த சோறு. மேலே பொரித்த வடாம் நாலு. நைஜீரியாவுக்கென்று இடித்தது விழுப்புரம் வரை வந்திருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

எட்டரைக்கு வீடு திரும்பியபோது பாகுபலி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பியோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. ஆனால் அன்றும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், கையை நீட்டி டப்பாவை வாங்கினார், மூடியைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார், காலியாக இருப்பதைக் கண்டபின்தான் படுக்கப் போனார்.